ஆடி வெள்ளியில் தொலைந்த செருப்பு

அந்த மனிதர் எங்கள் மதுரை வில்லாபுரம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை. வக்கீல் என்று சொல்லியிருக்கிறார். "மகேஸ்வரிங்கிற பொண்ணு வீடு இதுதானே? அவங்க விசா விஷயமா கொஞ்சம் விசாரிக்கணும்" என்றாராம். நான் வேலைக்குப் போயிருந்தேன். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலை. அன்றைக்கென்று பார்த்து ஒரே கூட்டம். நான் வீட்டில் இருந்திருந்தால் அம்மாவைப் பேசவே விட்டிருக்க மாட்டேன்.

அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு, ஃபேனைப் போட்டு, சூடாக நாலு முறுக்கும் காப்பியும் கொடுத்திருக்கிறாள். மகளைப் பற்றி வீடு தேடி ஒருவர் விசாரிக்க வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து விசாரித்தபோது பழகியதுதான். அந்த வக்கீல் கேட்ட கேள்வி இது: "கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை இங்க வந்து தங்கினாருங்களா?"

"அய்யய்யோ, நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்லங்க" என்றிருக்கிறாள் அம்மா. "ஆடி மாசம் முழுக்க மாப்பிள்ளை இந்த வாசப்படிய மிதிக்கல. எம்பொண்ணும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. வேணும்னா தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அவரும் கேட்டுப் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டு அக்கா, அயர்ன் கடை அண்ணன், பால்காரம்மா என்று எல்லோரும் ஒரே குரலில் அம்மா சொன்னதையே சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் விஷயத்தில்கூட எங்கள் தெரு அவ்வளவு ஒற்றுமையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் நான் வந்ததும் அம்மா பெருமையாக எல்லாவற்றையும் சொன்னாள். "உன்னப் பத்தி ஒரு சொல்லு தப்பா வரலடி" என்றாள்.  நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நம் விளக்குப் பூஜை அக்காமார் என்னைப் பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பயம் உங்களுக்குப் புரியும்.

என் வீட்டுக்காரர் வண்டியூர்க்காரர். ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்குப் படிக்கப் போனவர், அங்கேயே வேலை பார்த்து அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். நாட்டின் பெயரை எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு இன்னும் பயம் விடவில்லை. எங்கள் கல்யாணம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் நடந்தது. அவருக்கு லீவு அப்போதுதான் கிடைத்தது. கல்யாணம் முடிந்து பத்து நாள் வண்டியூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

தலை ஆடி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். அவர் லீவோ ஆடி முடியும் முன்னாலேயே தீர்ந்துவிடும். "இந்த ஒரு தடவை விட்டுக் குடுக்கக் கூடாதா?" என்று அவர் தன் அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார். அத்தை அசையவில்லை. எங்கள் பெரியப்பா அதற்கு மேல். "மாப்ள லீவு எடுக்கும்போதே காலண்டரப் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே அவர் வண்டியூரில், நான் வில்லாபுரத்தில். நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம். ஆடி முடிவதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார்.

மனைவி என்ற முறையில் நான் அங்கே போய் வாழ அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். அந்த ஊர் மொழியில் ஒரு பரீட்சை எழுதி அதிலும் பாஸ் ஆனேன். அதன் பிறகுதான் தூதரகம் அந்த வக்கீலை விசாரிக்க அனுப்பியது. குடியுரிமை உள்ளவரைப் பேருக்குக் கட்டிக்கொண்டு, காகிதத்தில் மட்டும் கணவன் மனைவியாக இருந்து, அங்கே போய்க் குடியேறுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டாம். ஒரே ஊரில் இருந்துகொண்டு தனித்தனி வீட்டில் இருப்பார்களாம். எங்கள் கதையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வித்தியாசமும் தெரியாது. அதற்குச் சாட்சி சொன்னது என்னைப் பெற்ற தாய்.

கொஞ்ச நாளில் மெயில் வந்தது. எங்கள் திருமணம் உண்மையானதா என்று சந்தேகம் இருப்பதால் இருவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் விசாரிப்பார்களாம். என்னைச் சென்னையில், அவரை அங்கே. இருவரிடமும் ஒரே கேள்விகள். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் அவ்வளவுதான்.

அந்த மெயிலைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்கேன் சென்டரில் ஒருவருடைய கல்லீரல் ரிப்போர்ட்டில் இன்னொருவர் பெயரை அடித்துவிட்டு, டாக்டரிடம் திட்டு வாங்கினேன். கூட வேலை பார்க்கும் ஒருத்தி எப்போதும் என்னைக் கேலி செய்வாள். "நீ மாப்பிள்ளையக் கட்டலடி, பாஸ்போர்ட்டக் கட்டியிருக்க" என்பாள். முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது அவள் வாயைத் திறந்தாலே நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

பெரியப்பா வந்து தீர்ப்பும் சொல்லிவிட்டார். "கெடச்சா போகட்டும். கெடைக்கலையா, ரெண்டு குடும்பமும் உக்காந்து பேசி முடிச்சிருவோம். பிள்ளைய எம்புட்டு நாளைக்கு இப்படி வச்சிருக்கிறது? அவன் அங்க என்ன பண்றான்னு நமக்கு என்ன தெரியும்?"

பேசி முடிப்பது என்றால் அறுத்துவிடுவது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் பேச்சை அவர் ஒருநாளும் மீறியதில்லை. எனக்கோ, என்னைக் கட்டிய அந்த மனிதரைப் பிடித்திருந்தது. பத்து நாள்தான் வாழ்ந்தேன், ஆனால் அவர் என் புருஷன். யாரோ ஒரு அதிகாரி ஒரு நாளில் கேட்கப்போகும் கேள்வியில் அது இல்லாமல் போய்விடும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

பெரியப்பாவுக்குத் தெரிந்த விசா ஆலோசகர் ஒருவர் பைபாஸ் ரோட்டில் ஆபீஸ் வைத்திருந்தார். அப்பாவும் நானும் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அங்க போயி ஆடி கீடின்னு ஆரம்பிச்சிராதீங்கம்மா. அவங்களுக்கு அது புரியாது. ஆடி மாசத்துல ரெண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாம கொடைக்கானல் போயிட்டோம்னு சொல்லுங்க. வீட்டுக்குத் தெரியாமப் போனதால உங்கம்மாவுக்கும் தெருவுக்கும் தெரியாது. எல்லாம் ஒட்டிக்கிரும்."

"போட்டோ கேட்டா?" என்றேன்.

"போட்ல போகையில போன் தண்ணிக்குள்ள விழுந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கிளம்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். மாறிப்போச்சுன்னா பொய் சொன்னதா ஆயிரும். அப்புறம் அங்க இருக்கிற அவருக்குமே சிக்கல்."

அன்றிலிருந்து தினமும் போனில் ஒத்திகை நடந்தது. எந்த லாட்ஜ், எத்தனையாவது மாடி, காலையில் என்ன சாப்பிட்டோம், ஜன்னல் திரை என்ன நிறம். கொடைக்கானலுக்கு நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனதோடு சரி. பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

"திரை என்ன கலரு மகேசு?"

"நீலம்."

"பச்சை. பச்சைன்னு எத்தன தடவ சொல்றது?"

"நேத்து நீலம்னுதானே சொன்னீங்க?"

"நேத்து சொன்னது மெத்தை விரிப்பு."

பிரிந்திருக்கும் புருஷன் பெண்டாட்டி போனில் என்னென்னவோ பேசுவார்கள். நாங்கள் பார்க்காத ஒரு ஜன்னலின் திரையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். போனை வைத்தபின் நான் அழுவேன். அவரும் அழுதிருப்பார், கேட்டால் இல்லை என்பார்.

இனி சொல்லப்போவது என் அம்மாவுக்குக்கூட இதுவரை தெரியாது. அம்மா, இதைப் படித்துவிட்டுக் கோபப்படாதே.

ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போக எந்த வீட்டிலும் தடை சொல்ல முடியாது அல்லவா? ஒவ்வொரு வெள்ளியும் நான் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்குத் தட்டோடு கிளம்பிவிடுவேன். அவரும் அங்கே வந்துவிடுவார். சாமி கும்பிட்டுவிட்டுத் தெப்பக்குளத்துச் சுவரில் உட்காருவோம். நடுவில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுத்தான். தெரிந்த முகம் ஏதாவது வந்தால் அவர் எழுந்து நின்று, தண்ணீரில் மீன் தேடுகிறவர் மாதிரி எட்டி எட்டிப் பார்ப்பார். ஆளுக்கொரு பருத்திப்பால் வாங்கிக் குடிப்போம். தாலி கட்டிய புருஷனை ஊருக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து பார்த்தவள் இந்த மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போட்டோ ஒன்றுகூட எடுக்கவில்லை. அவர் போனை அவர் தங்கச்சி நோண்டுவாள், என் போனை என் தம்பி நோண்டுவான்.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த தோல் செருப்பைக் கோயில் வாசலில் கழற்றிப் போட்டிருந்தார். டோக்கன் வாங்கி வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் செருப்பைக் காணோம். தார் ரோடு சாயங்காலத்திலும் கொதித்துக்கொண்டிருந்தது. சூட்டில் அவர் ஒற்றைக் காலில் மாற்றி மாற்றிக் குதித்ததைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் மாவிளக்குத் தட்டே சாய்ந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு பிளாட்பாரக் கடைதான் இருந்தது. அதிலும் பொம்பளைச் செருப்புதான். ரோஸ் கலர் ரப்பர் செருப்பு, மேலே ஒரு வெள்ளைப் பூ. வேறு வழியில்லாமல் அதை மாட்டிக்கொண்டார். குதிகால் பாதி வெளியே நின்றது.

"கோயில்ல செருப்பு தொலைஞ்சா பீடை போச்சுன்னு சொல்வாங்க" என்றேன்.

"பீடை போனாச் சரி. எங்கம்மா இதென்ன செருப்புன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றார்.

இந்த வெள்ளிக்கிழமைக் கதையை நான் ஆலோசகரிடமும் சொல்லிப் பார்த்தேன், அப்பா வண்டி எடுக்க வெளியே போன நேரத்தில். அவர் சிரித்துவிட்டார். "கல்யாணம் ஆன ரெண்டு பேரு ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்துக்கிட்டாங்கன்னு சொன்னா எவம்மா நம்புவான்? போட்டோவும் இல்ல. விடுங்க, கொடைக்கானலையே பிடிங்க" என்றார். எங்கள் உண்மையைவிட அவருடைய பொய் நம்புகிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சென்னைக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நெருக்கித் தள்ளும் கூட்டம். ஆத்தா முகத்தைப் பார்த்துக் கை கூப்பி நின்றேன். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொய் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள் என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. ஆடி அவளுடைய மாதம். அவளுடைய மாதத்தை அதிகாரிகளிடம் மறைக்கப்போகிறேன், அதற்கு நீயே துணை நில் என்று அவளிடமே எப்படிக் கேட்பது? அந்த வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் அவள் வாசலில்தானே சந்தித்தோம். அவளுக்குத் தெரியாதா?

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நான் நகரவில்லை.  அழுதுகொண்டே இவ்வளவுதான் சொன்னேன்: "ஆத்தா, எனக்கு ஒண்ணும் தெரியல. ரொம்பப் பயமா இருக்கு. எங்க ரெண்டு பேர் வாயிலயும் நீயே வந்து உக்காந்துக்க." பூசாரி குங்குமமும் ஒரு கொத்து வேப்பிலையும் கொடுத்தார். வேப்பிலையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சென்னைக்கு அப்பாதான் கூட வந்தார். தூதரக ஆபீஸ் வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். "தைரியமா போயிட்டு வாத்தா" என்றார். அவர் குரலிலேயே தைரியம் இல்லை.

உள்ளே ஏசி குளிர். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு சின்ன அறை, மேசைக்கு அந்தப் பக்கம் நடுவயது வெள்ளைக்காரப் பெண்மணி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா. அதிகாரி அம்மாள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. முதலில் சுலபமான கேள்விகள். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யார், கல்யாணத்தன்று மதியம் என்ன சாப்பாடு, அவர் காப்பி குடிப்பாரா டீயா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும்போது இதே கேள்விக்கு அங்கே அவர் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்றுதான் மனம் ஓடியது. கைக்குட்டை ஈரமாகிவிட்டது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "திருமணத்துக்குப் பிறகு, உங்கள் கணவர் திரும்பிப் போகும் வரை, நீங்கள் இருவரும் எங்கே இருந்தீர்கள்?"

கொடைக்கானல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பச்சைத் திரை, இரண்டாவது மாடி எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கை கைக்குட்டையை இறுக்கியது. உள்ளே வேப்பிலை நசுங்கியது. அந்த வாசனை எழுந்தது பாருங்கள், நான் அந்த அறையில் இல்லை, சந்நிதியில் நின்றேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பத்து நாள் மாமியார் வீட்டுல இருந்தோம். அப்புறம் நான் எங்க அம்மா வீட்டுல, அவரு அவங்க அம்மா வீட்டுல."

மொழிபெயர்க்கும் அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "ஆடியா?" என்று அவர் வாயில் வந்துவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு நான் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தார்.

ஏன் என்று அதிகாரி கேட்டார். நான் ஆடியைச் சொன்னேன். ஏன் ஆடியில் என்றார். சித்திரையைச் சொன்னேன். சித்திரையில் என்ன என்றார். ஆடிக்கும் சித்திரைக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு நான் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். என் காது சுட்டது. மொழிபெயர்க்கும் அம்மா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் அந்த மாதம் முழுவதும் நீங்கள் சந்திக்கவே இல்லையா?"

"சந்திச்சோம். ஒளிஞ்சு சந்திச்சோம்."

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, குளத்துச் சுவர், பருத்திப்பால், தொலைந்த செருப்பு, ரோஸ் கலர், வெள்ளைப் பூ. போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பார்த்தவர்கள் யாராவது உண்டா என்றார். "யாரும் பாத்துறக் கூடாதுன்னுதானே மேடம் போனோம்" என்றேன். மொழிபெயர்க்கும் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அதிகாரியின் முகம் மாறவில்லை. டைப் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, போகலாம் என்றார்.

வெளியே வந்து வெயிலில் நின்ற பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. இதே நேரத்தில் அவர் அங்கே கொடைக்கானலைச் சொல்லிக்கொண்டிருப்பார். பச்சைத் திரையைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் உண்மையைச் சொல்லி அவரைப் பொய்யராக்கிவிட்டேன். அந்த மனிதர் என்னை நம்பித்தானே அதை மனப்பாடம் செய்தார்? அவர் வேலை போகுமா? குடியுரிமையைப் பிடுங்கிவிடுவார்களா? போலீஸ் வருமா? எனக்குச் சட்டம் தெரியாது. தெரியாததால் எல்லாமே நடக்கும் என்று தோன்றியது.

அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். அப்பா டீ வாங்கி வந்து நீட்டினார். போனையே பார்த்துக்கொண்டு வாங்கியதில் டீ சேலையில் கொட்டியது. "என்னத்தா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். ஆட்டோவில் எழும்பூர் வரை மனதுக்குள்ளேயே, ஆத்தா, வாயில் வந்து உட்காரச் சொன்னேனே, இப்படியா உட்காருவாய் என்று அவளிடம் சண்டை போட்டேன். ஆமாம், கோபப்பட்டேன். மறைத்துச் சொல்ல என்னால் இனி முடியாது.

எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது போன் அடித்தது. அவர்தான். எடுக்கவே பயந்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்தேன்.

"முடிஞ்சதா?" என்றார். 

"ஏங்க, என்னை மன்னிச்சிருங்க. நான் எல்லாத்தையும் கெடுத்துப்புட்டேன்."

"என்ன செஞ்ச?"

"கொடைக்கானல்னு சொல்ல வரலங்க. ஆடின்னு சொல்லிட்டேன். தெப்பக்குளம், வெள்ளிக்கிழமை, எல்லாம் சொல்லிட்டேன். செருப்பு தொலைஞ்சதைக்கூடச் சொல்லிப்புட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். ஹலோ ஹலோ என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் அவர் அழுகிற சத்தம் கேட்டது.

"நானுந்தான் மகேசு" என்றார். "நானுந்தான் சொல்லிட்டேன். உன்னை மாட்டிவிட்டுட்டேன்னு இவ்வளவு நேரமும் ரோட்டுல நடந்துக்கிட்டே இருந்தேன். உனக்குப் போன் அடிக்கப் பயமா இருந்துச்சு."

 தூணைப் பிடித்துக்கொண்டேன். அன்று காலை அவர் விசாரணைக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டக் குனிந்திருக்கிறார். பக்கத்தில் அந்த ரோஸ் கலர் செருப்பு கிடந்திருக்கிறது. கையோடு அங்கே கொண்டுபோயிருந்தார், எனக்கே தெரியாது. அதைப் பார்த்த பிறகு கொடைக்கானல் என்ற பெயரே தனக்கு மறந்துபோனது என்றார். அங்கே உள்ள அதிகாரி ஆதாரம் கேட்டிருக்கிறார். "ஆதாரம் எதுவும் இல்லைங்க, வீட்டு வாசலில் ஒரு பொம்பளைச் செருப்பு கிடக்கு, வேணும்னா வந்து பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்.

ஒரே பிரார்த்தனை. அவர் அங்கே, நான் இங்கே. பேசி வைத்துக்கொண்ட பொய்யை இருவரும் ஒரே நாளில், ஒருவருக்கொருவர் தெரியாமல் விட்டுவிட்டோம். ஆத்தா இரண்டு வாயிலும் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறாள். சண்டை போட்டதற்கு அந்தப் பிளாட்பாரத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பா ஓடி வந்தார். "என்னத்தா, அழுகுற? இல்லைன்னு சொல்லிட்டாங்களா?" என்றார். "இல்லப்பா, உங்க மாப்பிள்ளை நல்லவருப்பா" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பயம் அத்தோடு போய்விடவில்லை. பதில் வரும் வரை ஒவ்வொரு நாளும் ஆத்தா பெயரைச் சொல்லித்தான் மெயிலைத் திறப்பேன். ஆனால் போனில் திரைச் சண்டை நின்றது. நாங்கள் பேச ஆரம்பித்தோம். ஒரு நாள் மதியம் ஸ்கேன் சென்டரில் இருக்கும்போது மெயில் வந்தது. பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி. அனுமதி கிடைத்துவிட்டது. என்னைக் கேலி செய்தவள்தான் முதலில் கட்டிப்பிடித்தாள்.

பெரியப்பாவுக்குச் சொன்னபோது அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அங்க குளிரு எம்புட்டு இருக்குமாம்?" என்று கேட்டார். மறுநாள் ஒரு கம்பளிச் சட்டையோடு வந்தார்.

அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்: "அந்த வக்கீலுகிட்ட நான் நாலு வார்த்தை நல்லதாச் சொன்னதாலதாண்டி உனக்கு விசா கெடச்சுச்சு." முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தபோது உடம்பு சிலிர்த்தது. நாங்கள் கொடைக்கானல் என்று சொல்லியிருந்தால் அம்மா சொன்னது எதிராகப் போயிருக்கும். உண்மையைச் சொன்னதால் அதே வார்த்தை, எங்கள் தெரு முழுவதும் சொன்ன வார்த்தை, எங்களுக்குத் துணையாக நின்றது. எது என்னைக் கெடுத்தது என்று நான் தரையில் உட்கார்ந்து அழுதேனோ அதுவே என்னைக் காப்பாற்றியது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த என் அம்மா வாயிலும் மாரியம்மன் அன்றைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள், எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது நான் உட்கார்ந்து எழுதும், அவருடைய இந்த வீட்டுக்குள் முதன்முதலில் காலெடுத்து வைத்த நாளில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அவருடைய கறுப்பு ஷூவுக்குப் பக்கத்தில் அந்த ரோஸ் கலர் செருப்பு இருந்தது. போட்டுப் பார்த்தேன். எனக்கு அளவு சரியாக இருந்தது. வீட்டுக்குள் இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

நான் முன்பு எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். இப்போதும் பயப்படுவேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் வந்ததும் அதை மறைக்க ஒரு கதையைத் தேடி ஓடுவதில்லை. அப்படியே கொண்டுபோய் ஆத்தா காலடியில் வைத்துவிடுகிறேன். அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்களில் யாராவது இன்றைக்கு நான் இருந்த இடத்தில் இருக்கலாம். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

வருகிற ஆடிக்கு இருவரும் ஊருக்கு வருகிறோம். இது தலை ஆடி இல்லை, இனி எங்களை யாரும் பிரிக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாவிளக்கு எடுக்கிறேன். சுவரில் ஒட்டி உட்கார்ந்து பருத்திப்பால் குடிப்போம், தெரிந்தவர்கள் வந்தால் கை காட்டுவோம். அவர் இப்போதே புதுத் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறார். அதை டோக்கன் வாங்காமல் கோயில் வாசலிலேயே விடப்போகிறாராம். அன்றைக்கு எடுத்தவர் யாரோ, அவர் மறுபடி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார்.